மேல்நோக்கு நாள்ல தொட்டி மாத்தினது

அக்கா, அந்தத் தொட்டியை மடியில வெச்சுக்கோங்க. கீழ வெச்சா அடுத்த வளைவுல உருண்டு கடைசி சீட்டுக்கே போயிடும். ஏற்காடு போற வரைக்கும் இருபது வளைவு இருக்கு, இப்பத்தான் ரெண்டு முடிஞ்சிருக்கு. இல்ல, என்கிட்ட குடுக்காதீங்க. நான் செடியைத் தொட மாட்டேன்னு ஒருத்தர்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன். தொட்டாலும் ஒரு கைதான் இருக்கு, இன்னொண்ணுல சார்ஜர் வொயரைச் சுத்தி வெச்சிருக்கேன். ஃபோன் செத்துப்போச்சு. சார்ஜரைப் பையில போட்டா எங்கயாவது பையோட விட்டுட்டு வந்துடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

ஆர்கிட்டா? சேலத்துல கண்காட்சியில வாங்கினீங்களா? பூ முடிஞ்சிடுச்சுன்னு சும்மா தூக்கிக் குடுத்துட்டாங்களா. அந்தப் பைக்குள்ள என்ன, புதுத் தொட்டியா? செம்மண்ணு வேறயா?

கோவிச்சுக்காதீங்க. வீட்டுக்குப் போனதும் இதை அந்தத் தொட்டியில மாத்தி அந்த மண்ணைப் போடப் போறீங்கன்னா, இப்பவே ஜன்னல் வழியா தூக்கிப் போட்டுடலாம். ரெண்டும் ஒண்ணுதான். இதுல உங்களுக்குச் சுமை குறையும்.

பார்த்தீங்களா. இப்படித்தான் என் வாய். பேரு யோகேஸ்வரி, எல்லாரும் யோகின்னுதான் கூப்பிடுவாங்க. யோகிக்கு வேண்டியதுல ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. ஆனா பொய் சொல்ல மாட்டேன். அந்த ஒரு நல்ல குணத்தாலதான் பதினேழு வயசுல ஒரு பையோட பஸ் பஸ்ஸா மாறிக்கிட்டிருக்கேன்.

படிக்கலையான்னு கேக்க வர்றீங்க. எல்லாரும் கேப்பாங்க. பதினொண்ணாவது அரைப்பரீட்சையில எழுந்து வந்துட்டேன். தெரிஞ்சதை எழுதி முடிச்சாச்சு, சீக்கிரமே முடிஞ்சுபோச்சு. பெல் அடிக்கற வரைக்கும் உக்காருன்னாங்க. "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதறவங்க உக்காரட்டும் மிஸ், எனக்கு எதுக்கு"ன்னு கேட்டேன். வெளிய போன்னாங்க. போனேன். அவங்க சொன்னது அந்த ஹாலை விட்டு. நான் போனது பள்ளிக்கூடத்தை விட்டு.

எங்கம்மா சத்துணவுக் கூடத்துல சமைக்கறாங்க. ஒரு மாசம் என்னை வீட்டுல வெச்சுப் பார்த்தாங்க, தாங்க முடியல. தன்ராஜ் அண்ணன்கிட்ட கொண்டுபோய் விட்டாங்க. ஏற்காட்டுலயே காப்பித் தோட்டத்துக்கு நடுவுல பச்சை வலை கட்டி ஆர்கிட் வளர்க்கறார். அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். சின்ன வயசுதான், ஆனா எந்நேரமும் பல்வலிக்காரர் மாதிரியே இருப்பார். எதையும் சொல்லித்தர மாட்டார். திட்டுவார். அந்தத் திட்டுக்குள்ள எங்கயாவது விஷயம் இருக்கும், நாமதான் பொறுக்கி எடுத்துக்கணும்.

முதல் வாரமே திட்டு வாங்கினேன். அவர் துண்டு துண்டா நட்டு வெச்சிருந்ததை எல்லாம் நான் தினம் தூக்கிப் பார்த்துக்கிட்டிருந்தேன். வேர் வந்துடுச்சான்னு. வரல. மறுநாளும் தூக்கினேன், வரல. என்ன செடிடா இதுன்னு அவர்கிட்டயே போய்ப் புகார் சொன்னேன்.

"நீ தூங்கும்போது ஒருத்தன் மணிக்கொரு தடவை உன்னைத் தட்டி எழுப்பி, தூக்கம் வந்துடுச்சான்னு கேட்டா எப்படி இருக்கும்?"ன்னார்.

"எங்க வீட்டுல அப்படித்தான் எழுப்புவாங்கண்ணே."

"அதான் இப்படி இருக்கே"ன்னு போயிட்டார்.

இந்தச் செடிக்கு மண்ணே கிடையாதுக்கா. கரித்துண்டு, ஓட்டுத்துண்டு, தேங்கா மட்டை, அவ்வளவுதான். அந்த மட்டை மக்கினதும் தொட்டி மாத்தணும். எப்பன்னா, அங்கதான் வம்பு. புது முளை ஒண்ணு பக்கத்துல வரும். அந்த முளையோட அடியில புது வேர் எட்டிப் பார்க்கும், நுனி மட்டும் பச்சையா, பட்டாணி முளைவிட்ட மாதிரி. அப்ப மாத்தணும். அதுக்கு முன்னாடி மாத்தினா, பழைய வேரும் போச்சு, புது வேரும் இல்ல, செடி மாசக்கணக்குல சுருங்கிக்கிட்டே உக்காந்திருக்கும். ரொம்ப விட்டாலும் ஆகாது. வேர் நீண்டு போய்த் தொட்டியைப் புடிச்சுக்கும், பிச்சுத்தான் எடுக்கணும், நுனி ஒடிஞ்சா ஒடிஞ்சதுதான்.

சரி, அது எந்த மாசம் வரும்னு சொல்லுங்கண்ணே, காலண்டர்ல குறிச்சுக்கறேன்னு கேட்டேன். அதுக்கும் திட்டு. ஏன்னா அவர் வெச்சிருக்கறது எல்லாம் கலப்பு. அம்மா செடி பூ முடிஞ்ச கையோட வேர் விடற ஜாதி. அப்பா செடி, முளை பாதி வளர்ந்தப்புறம் மெதுவா விடற ஜாதி. புள்ளை எப்ப விடும்? அதுக்கு எப்பத் தோணுதோ அப்ப. எங்க வீட்டு மாதிரிதான். எங்கம்மாகிட்ட பொறுமை, எங்கப்பாகிட்ட தூக்கம். நான் ரெண்டு பக்கமும் எதையும் எடுத்துக்கல.

அதுல ஒரு செடிதான் என் வாழ்க்கையைக் கெடுத்தது.

அண்ணன் அவரே மகரந்தம் வெச்சு உண்டாக்கின கலப்பு. விதையிலேர்ந்து பூவுக்கு வர ஏழு வருஷம். நான் சேர்ந்த பிறகுதான் முதல் பூ வந்துச்சு. மஞ்சள் பூ, உதடுன்னு சொல்ற நடு இதழ் மட்டும் நாகப்பழம் தின்ன வாய் மாதிரி. அதனால நாகப்பழம்னே கூப்பிட்டோம். அந்த மாதிரி ஒண்ணுதான் இருக்கு, வேற எங்கயும் கிடையாது. ஓசூர்ல ஒரு லேப் இருக்கு, பாட்டிலுக்குள்ள செடி வளர்ப்பாங்க. நாகப்பழத்துலேர்ந்து ஒரு முளையை அங்க அனுப்பி நூறு நூறா பெருக்கணும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்தார். இதை ஞாபகம் வெச்சுக்கோங்கக்கா, பின்னாடி முக்கியம்.

பூ உதிர்ந்தது. தொட்டிக்குள்ள மட்டையெல்லாம் மக்கிப்போச்சு. மாத்தணும். வேர் வரல. தினம் காலையில போனதும் அதோட காலடியிலதான் முதல்ல குனிவேன். அண்ணன் பார்த்துட்டு, "சாமி கும்பிட்டாச்சா?"ன்னு கேப்பார். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், கும்பிடவும் கும்பிட்டேன்.

அப்ப ஒரு நாள் சாயங்காலம் அம்மா வந்தாங்க. நான் தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி பாசி சுரண்டிக்கிட்டிருந்தேன். நான் இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. ஒட்டுக் கேக்கல, காது இருந்துச்சு, கேட்டுச்சு.

அம்மா சொல்றாங்க, "இப்பவே மாத்தித்தான் ஆகணுமா தன்ராஜு? இன்னும் கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டுமே."

அண்ணன் சொல்றார், "இல்லக்கா. வேர் எட்டிப் பார்க்குது. இப்ப மாத்தினாத்தான் புது இடத்தைப் புடிச்சுக்கும். இன்னும் விட்டா இந்த இடத்தையே கெட்டியாப் புடிச்சுக்கும். அப்புறம் பிச்சுத்தான் எடுக்கணும்."

"ஓசூர் தண்ணி ஒத்துக்குமா?"

"எல்லாம் ஒத்துக்கும். முதல்ல கொஞ்சம் வாடும். வாடினா பயந்துடாதீங்க. பார்க்கணும், தூக்கணும்னு உடனே ஓடிப் போகாம இருந்தாப் போதும்."

அம்மா மூக்கை உறிஞ்சறாங்க. ஒரு செடிக்கா அழறாங்கன்னு நீங்க நெனைப்பீங்க. எங்கம்மா சோப்பு விளம்பரத்துக்கே அழுவாங்க. நான் பெருசா எடுத்துக்கல.

அப்புறம் அம்மா, "செவ்வாய்க்கிழமை மேல்நோக்கு நாள்னு போட்டிருக்கு"ன்னாங்க. "அப்ப செவ்வாய்க்கிழமையே மாத்திடலாம்"னார் அண்ணன்.

எனக்கு ஒரே குஷி. வேர் வந்துடுச்சு. தினம் பார்க்கற என் கண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. ஆனா ஒரே ஒரு சந்தேகம். காலண்டர் தாள்ல போட்டிருப்பாங்களே, கிழங்கு நடறது, கிணறு வெட்டறது எல்லாம் கீழ்நோக்கு நாள். செடி நடறது, மாடி கட்டறது மேல்நோக்கு நாள். நாம வேருக்காகத்தானே தொட்டி மாத்தறோம்? வேர் கீழதானே போகும்? அப்ப கீழ்நோக்கு நாள்தானே வேணும்? அம்மா தப்பா நாள் பார்த்துட்டாங்களோன்னு ராத்திரி சாப்பிடும்போதெல்லாம் இதே யோசனை. காலையில போய் நாகப்பழத்தைப் பார்த்தா, அதோட பழைய வேரெல்லாம் தொட்டியை விட்டு வெளிய வந்து வானத்தைப் பார்த்து நிக்குது. அம்மா கரெக்டுதான்னு முடிவு பண்ணிட்டேன். இவ்வளவு மூளையை நான் பரீட்சை ஹால்ல செலவு பண்ணியிருந்தா இன்னிக்கு இந்த பஸ்ல இருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிஞ்சும் விடியாம போயிட்டேன். அண்ணன் வர்ற வரைக்கும் ஏன் இருக்கணும்? அவர் வந்தா அவரே பண்ணிடுவார், எனக்குக் கரி கழுவற வேலைதான். குனிஞ்சு பார்த்தேன். முளையோட அடியில மிளகு அளவு ஒரு புடைப்பு. நேத்து வரைக்கும் அது எனக்குப் புடைப்பு. அவர் வேர்னு சொன்னப்புறம் அது வேராவே தெரிஞ்சுது. நுனி பச்சையாகூடத் தெரிஞ்சுது, சத்தியமா.

தொட்டியைத் தட்டி எடுத்தேன். பழைய வேர் கறுத்ததை நறுக்கினேன். நறுக்க நறுக்க எல்லாமே கறுத்ததாத் தெரிஞ்சுது. கத்திரிக்கோல் கையில இருந்தா எனக்கு நிறுத்தத் தெரியாது, என் முன்முடியைப் பாருங்க. கடைசியில பார்த்தா வேரே இல்லாத செடி ஒண்ணு கையில இருக்கு. புதுத் தொட்டியில வெச்சேன். பொருந்தாத பல்செட் மாதிரி ஆடுது. அந்தப் புடைப்பு? அது வேர் இல்லக்கா. அது கண்ணு. அடுத்த முளை வர வேண்டிய கண்ணு. அதுவும் என் கட்டைவிரல் பட்டு உதிர்ந்துடுச்சு.

அந்த நேரம் பார்த்து அண்ணனும் அம்மாவும் வந்து நிக்கறாங்க. அம்மா கையில ஒரு பை.

அண்ணன் தொட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் தொட்டியைப் பார்த்தார்.

"யார் மாத்தச் சொன்னது?"

"நீங்கதான். செவ்வாய்க்கிழமை மாத்திடலாம்னு அம்மாகிட்ட சொன்னீங்களே. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடிதான் இருந்தேன். எல்லாத்தையும் கேட்டேன்."

"எல்லாத்தையும் கேட்டியா?"

"எல்லாத்தையும். வேர் எட்டிப் பார்க்குது, இப்ப மாத்தினாத்தான் புடிச்சுக்கும், கொஞ்சம் வாடும், பயப்படாதீங்கன்னு."

அண்ணன் அப்படியே கரி மூட்டை மேல உக்காந்துட்டார். அம்மா முந்தானையை வாயில வெச்சு அமுக்கிக்கிட்டாங்க. அழறாங்கன்னுதான் நெனச்சேன். தோள் குலுங்குது. ஆனா அழறப்ப எங்கம்மாவுக்கு மூக்குதான் முதல்ல வேலை செய்யும். மூக்கு சும்மா இருந்துச்சு. அது எனக்கு இன்னிக்கு வரைக்கும் விளங்கல. ஒரு செடி செத்துக் கிடக்கு, பெத்த பொண்ணு முழிச்சுக்கிட்டு நிக்கறா, என்ன சிரிப்பு?

"சரி, கிளம்பு"ன்னார் அண்ணன்.

"எங்க?"

"ஓசூருக்கு."

"செடியா?"

"செடி இங்க கிடக்கட்டும். நீ கிளம்பு. இனிமே என்னைக் கேக்காம எந்தச் செடியையும் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுக் கிளம்பு."

நீங்களே சொல்லுங்க. ஒரு செடியை மாத்தினதுக்கு ஒரு ஆளை ஊரை விட்டே அனுப்புவாங்களா? அந்த லேப்லயே எனக்கு வேலை, ஹாஸ்டல், எல்லாம் பேசியாச்சாம். இதுல எனக்கு ரொம்ப வலிச்சது அந்தப் பைதான். நான் செடியை மாத்தி அரை மணி நேரம்கூட ஆகல. அதுக்குள்ள பை கட்டியாச்சு. புது நைட்டி ரெண்டு, டம்ளர், சீப்பு, என் பேர் எழுதின தட்டு. எங்கம்மா எதையும் அவ்வளவு வேகமா பண்ண மாட்டாங்க. எலுமிச்சங்கா ஊறுகாய்கூட இருந்துச்சு. ஊறுகாய் ஊற நாளாகும்ல? அப்ப ரொம்ப நாளாவே என்னை விரட்டத் தயாரா இருந்திருக்காங்க. காரணத்துக்குத்தான் காத்துக்கிட்டிருந்திருக்காங்க. நானே போய்க் காரணத்தைக் கையில குடுத்துட்டேன்.

ஏன்க்கா சிரிக்கறீங்க? எங்கம்மா மாதிரியே தோள் குலுங்குது உங்களுக்கும்.

ஓசூர்ல என்ன, முதல் வாரம் பாட்டில் கழுவினேன். பிடிக்கல. ரெண்டாவது வாரமும் பாட்டில், பிடிக்கல. மூணாவது வாரம்... பிடிக்கலைன்னே வெச்சுக்கோங்க. பக்கத்துக் கட்டில்ல தர்மபுரிக்காரி ஒருத்தி, வாய் என்னைவிட மோசம். ஊறுகாயை அவதான் காலி பண்ணினா. தூக்கத்துல பாட்டு வேற பாடுவா. நேத்து அவ பாடலைன்னு எழுந்து உயிரோட இருக்காளான்னு பார்த்தேன்.

பாட்டில் செடியை எடுத்து வெளியில மாத்தறதுக்குன்னு உள்ள ஒரு ரூம் இருக்கு. போன வாரம் அந்த வழியாப் போனப்ப வாய் சும்மா இல்ல. "அக்கா, அது இன்னும் வேர் விடல, அதை ஏன் எடுக்கறீங்க"ன்னுட்டேன். சூப்பர்வைசர் அக்கா திரும்பி, "உனக்கு எப்படித் தெரியும்?"னாங்க. "ஒண்ணைக் கொன்னிருக்கேன்"னேன். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, திங்கக்கிழமையிலேர்ந்து நீ உள்ள வந்து உக்காருன்னாங்க. ஆமா, நாளைக்குத்தான். போகலைன்னா வேற ஆளைப் போட்டுக்குவாங்க. போடட்டும். எனக்கு எங்க அண்ணன் கொட்டகைதான் வேணும். திட்டினாலும் அங்கதான் வேணும்.

அதுக்கேத்த மாதிரி இன்னிக்குக் காலையில ஃபோட்டோ வந்துச்சு. அண்ணன் அனுப்பினார். நாகப்பழம். முளையோட அடியில, பட்டாணி முளைவிட்ட மாதிரி, பச்சை நுனி. நிஜ வேர். கீழ ஒரே ஒரு வார்த்தை, "வந்துடுச்சு."

பல்லுகூட விளக்கல, பையைத் தூக்கிட்டேன். செடி பொழைச்சாச்சு. அப்ப தண்டனை முடிஞ்சுதுன்னுதானே அர்த்தம்?

ஃபோன் பண்ணிக் கேட்டியான்னா? கேட்டேனே. "நான் வரட்டுமாண்ணே?"ன்னு கேட்டேன். "யோகி, இப்பத்தான் புடிக்குது. இப்ப போய் அசைக்காதே"ன்னார். நான் ஓசூர்ல இருக்கேன், நாகப்பழம் ஏற்காட்டுல இருக்கு, அவ்வளவு தூரத்துலேர்ந்து நான் என்னத்தை அசைக்கறது? அதைக் கேக்கறதுக்குள்ள ஃபோன் போயிடுச்சு.

அது கிடக்கட்டும். உங்க செடிக்கு வாங்க. இதோ அடியில முளை வந்திருக்கு பாருங்க, சுண்டுவிரல் உசரம். வேர் இன்னும் இல்ல. நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. தண்ணி மட்டும் தெளிங்க. ஒரு நாள் பச்சை நுனி தெரியும், அப்ப மாத்துங்க. கரித்துண்டு போட்டு, ஒரு குச்சி நட்டு, ஆடாமக் கட்டிடுங்க. அதுக்கப்புறம்தான் பெரிய வேலை. பார்த்துக்கிட்டு சும்மா இருக்கணும். கொஞ்சம் வாடும். பயந்துக்கிட்டுத் தூக்கிடாதீங்க. புடிச்சிருக்கான்னு ஆட்டிப் பார்க்காதீங்க. பழைய தொட்டியே நல்லா இருந்துச்சேன்னு திரும்ப அதுல கொண்டுபோய் வெச்சீங்கன்னா உங்களை மாதிரி ஒரு...

என்னக்கா அப்படிப் பார்க்கறீங்க?

அன்னிக்கு அம்மாவும் அண்ணனும் எந்தச் செடியைப் பத்திப் பேசினாங்கன்னா? நாகப்பழத்தைத்தான். வேற எதைப் பேசுவாங்க. அம்மாவுக்கு அதுமேல என்ன அவ்வளவு அக்கறைன்னா, அது... அண்ணனோட செடிங்கறதால. தண்ணி ஒத்துக்குமான்னு கேட்டாங்க. செடிக்குத் தண்ணி முக்கியம்தானே. அப்புறம் இன்னொண்ணும் கேட்டாங்க, அதை உங்ககிட்ட சொல்லல, பெருசா ஒண்ணுமில்லைன்னு விட்டுட்டேன். "ராத்திரியில தனியாப் படுத்துக்குமா"ன்னு...

படுத்துக்குமான்னு.

ஒரு செடி.

இது எத்தனாவது வளைவுக்கா? பன்னெண்டா. அவ்வளவு தூரம் வந்துட்டமா.

இல்ல, தண்ணி வேண்டாம். ஒண்ணுமில்ல. வளைவுல எனக்கு எப்பவும் இப்படித்தான் ஆகும்.

அதோ கீழ போற பஸ்ஸு நமக்கு வழி விட்டு ஒதுங்கி நிக்குது பாருங்க. அது போனா அடுத்தது எப்ப வருமோ. ஹாஸ்டல்ல எட்டு மணிக்குக் கதவைச் சாத்திடுவாங்க, அந்தத் தர்மபுரிக்காரி வேற ஊறுகாய் பாட்டிலைக் கழுவாமலே வெச்சிருப்பா. கண்டக்டரண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க. டிக்கெட் மேல வரைக்கும் எடுத்தா என்னண்ணே, மீதியை நீங்களே போயிட்டு வாங்க.

ஒண்ணுமில்லக்கா, நெஜமாவே ஒண்ணுமில்ல. சார்ஜரை ஹாஸ்டல்லயே விட்டுட்டு வந்துட்டேன், இப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. அது இல்லாம ஒரு நாள் ஓட்ட முடியாது. போய் எடுத்துக்கணும்.

என் கையைப் பார்க்காதீங்க. தொட்டியை நல்லாப் புடிச்சுக்கோங்க, அசையக் கூடாது. காலைக் கொஞ்சம் மடக்குங்கக்கா, நான் இறங்கணும்.